காண்டலும் நிறுத்தலும்

கண்டவுடன் பிரேக்கை மிதித்தேன் என்று மோட்டார் ஓட்டுவோர் கூறக் கேட்கிறோம். அஃது உண்மையாகுமோவென ஆராய்வோம்.

நரம்பின் வழியே செய்தி செல்லவும் காலம் வேண்டும் என்பதை 1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பைக்கொண்டு அளந்து காட்டினார். பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து செயலாற்றுங்கால் தாமதம் மிகும் என்பதை 1868-இல் டச்சு அறிஞர் டாண்டர்ஸ் விளக்கினார். சாலையிலும் இவ்வாறே, கண் காண்கிறது, அறிவு இன்னதென உணர்கிறது, உள்ளம் துணிகிறது, பின்னரே கால் அசைகிறது. எதிர்பாராத ஆபத்தாயின் இவை முடிய ஒன்றரை விநாடி செல்லுதலும் உண்டு. அதற்குள், மணிக்கு 60 கிலோமீட்டர் விரையும் வண்டி 25 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்காயின் இத்தூரமும் இருமடங்காம். பிரேக் பற்றியபின் ஓடும் தூரமோ ஏறக்குறைய நான்மடங்காம்.

நரம்பை விரைவுபடுத்த நம்மால் இயலாது. ஆபத்தை முன்னறிதலோ கற்கத்தக்கது. இதுபற்றியே பிரிட்டனில் 2002 முதல் ஓட்டுவோர்க்குரிய பரீட்சையில் அத்திறனும் சோதிக்கப்படுகிறது. நின்ற பஸ்ஸின் மறைவிலிருந்து பிள்ளையொன்று ஓடிவரக்கூடுமென எண்ணி, அது தோன்றுமுன்னரே வேகந் தணிப்பவனுக்கு, அந்த ஒன்றரை விநாடியில் கடக்கும் தூரம் குறைகிறது. பிள்ளையின் உயிர் நிற்பது அக்குறைந்த தூரத்திலேயாம்.