ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுப்பாரா?

“ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அடுப்பங்கரையில் பிறந்த அந்தப் பழமொழி, இன்று திரைப்படத்திற்கும் வீடியோ விளையாட்டிற்கும் பொருந்தி நிற்கிறது. அறிவித்த நாளில் ஒரு படைப்பு வெளிவராதபோது, அதற்காகக் காத்திருந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் பொறுக்கிறார்கள், சிலர் சினக்கிறார்கள், சிலர் எல்லை கடந்து போகிறார்கள். இவற்றுள் முறையானது எது, முறையற்றது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குப் பாலக்காடும் இடுக்கியும் நல்ல களங்கள். பாலக்காடு 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் பக்கத்திலுள்ள சித்தூரோ பழைய கொச்சி அரசின் பகுதி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்ப் பகுதிகள்; அவை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அக்காலத்தில் பெருங்கிளர்ச்சி நடந்தது; முடிவில் அவை கேரளத்தோடு நின்றன. இவ்வாறு மொழி ஒன்றாகவும் ஆட்சி வேறாகவும் அமைந்த இடங்களில்தான், ‘அங்கே வந்துவிட்டது, இங்கே வரவில்லை’ என்னும் நிலையின் முழுப் பொருளும் விளங்கும்.

தாமதம் இருவகை

தாமதங்கள் எல்லாம் ஒன்றல்ல. சோறு இன்னும் வேகவில்லை என்றால் அது அடுப்படித் தாமதம். சோறு வெந்து இலையும் போட்ட பிறகு, பந்தி வாசலை ஒருவர் மறித்து நின்றால் அது வாசல் தாமதம். முன்னதற்குக் காரணம் சமைப்பவர். பின்னதற்குக் காரணம் மறிப்பவர். பசித்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும், யாரிடம் கேட்பது, எவ்வளவு நாள் பொறுப்பது என்ற வினாக்களுக்கு விடை காண இப்பாகுபாடு இன்றியமையாதது. திரைப்பட உலகில் நாம் மிகுதியும் காண்பது வாசல் தாமதம். வீடியோ விளையாட்டு உலகில் காண்பது பெரும்பாலும் அடுப்படித் தாமதம்.

வாளையாறு கடந்த ரசிகர்கள்

2013ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்வோம்.

கமல்ஹாசன் இயக்கி நடித்த ‘விஸ்வரூபம்’ அவ்வாண்டு ஜனவரி 11ஆம் நாள் வரும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. வீட்டுத் தொலைக்காட்சியில் கட்டண முறையில் அதனை முன்கூட்டியே காட்டும் திட்டத்தைத் திரையரங்க உரிமையாளர்கள் எதிர்த்தமையால், நாள் ஜனவரி 25க்குத் தள்ளிற்று. அதற்குள் சில முஸ்லிம் அமைப்புகள் படத்தை எதிர்த்தன. சட்டம் ஒழுங்கு கெடும் என்று கூறி, ஜனவரி 23ஆம் நாள் தமிழ்நாட்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி 15 நாள் தடை விதிக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதனை மீண்டும் நிலைநிறுத்தியது. பின்னர்ப் பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகு, பிப்ரவரி 7ஆம் நாள் தமிழ்நாட்டில் படம் வெளியாயிற்று.

இதற்கிடையே கேரளத்தில் அதே படம் ஜனவரி 25ஆம் நாளே திரைக்கு வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பேருந்திலும் காரிலும் இருசக்கர வண்டியிலும் ரசிகர்கள் வாளையாற்றைக் கடந்தனர். பாலக்காட்டுத் திரையரங்குகளின் முன் கோவைத் தமிழ் கேட்டது. கோவையில் குற்றமாக இருந்த காட்சி, ஒரு மணி நேரப் பயணத்தில் குற்றமற்றதாகிவிட்டது! படம் அதே படம். தணிக்கைச் சான்றும் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. மாறியது ஆட்சி எல்லை மட்டுமே.

அவ்வாண்டு ஆகஸ்டில் விஜய் நடித்த ‘தலைவா’ வந்தது. ஆகஸ்ட் 9ஆம் நாள் பிற மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் அது வெளியாயிற்று. தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கோ வெடிகுண்டு மிரட்டல் வந்தது. உரிமையாளர்கள் திரையிட அஞ்சினர். ஆகஸ்ட் 20ஆம் நாளே தமிழ்நாட்டில் படம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் மீண்டும் பாலக்காட்டை நோக்கி ரசிகர் கூட்டம் திரண்டது. திருட்டுப் பிரதிகளும் உலவத் தொடங்கின.

இவ்விரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவர்கள் அதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். ‘விஸ்வரூப’த்திற்கு ஆணை இருந்தது. ஆணை இருந்தால் அதில் கையொப்பம் இருக்கும். கையொப்பம் இருந்தால் நீதிமன்றத்தில் வினவலாம். ‘தலைவா’வுக்குத் தடை ஆணை என்று ஒன்றும் இல்லை. ஆணையும் இல்லை, படமும் இல்லை. பெயரில்லாத இத்தகைய தாமதமே கொடியது. ஏனெனில், அங்கு ரசிகனின் சினத்திற்குச் சென்று சேர ஒரு முகவரி கிடைப்பதில்லை. முகவரி இல்லாத சினம் கண்டவர் மீதும் பாயும்.

எதிர்ப்பு எழும் என்ற அச்சமே ஒரு படைப்பைத் தடுக்கப் போதுமா? இவ்வினாவுக்கு விடை 1989ஆம் ஆண்டிலேயே கூறப்பட்டது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது, உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை எழும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது. உரிமையைக் காப்பது அரசின் கடமை என்பது அத்தீர்ப்பின் சாரம். வாசல் தாமதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

குமுளி காட்டும் மறுபக்கம்

எல்லை எப்போதும் திறந்த கதவாக இருப்பதில்லை. ‘டாம் 999’ என்ற ஆங்கிலப் படம் 2011 நவம்பர் 25ஆம் நாள் வெளிவர இருந்தது. அணை உடைவதைக் காட்டும் அப்படம் முல்லைப் பெரியாற்றைப் பற்றிய அச்சத்தை வளர்க்கும் என்று கூறித் தமிழ்நாட்டு அரசு அதற்குத் தடை விதித்தது. முல்லைப் பெரியாறு அணை நிற்பது இடுக்கி மாவட்டத்தில். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் நீர் பாய்வதோ தேனி, மதுரை முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களில்.

அப்போது, படம் பார்க்க எவரேனும் குமுளியைக் கடந்தாரா? கடக்கும் காலமாக அது இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் அணைச் சிக்கல் முற்றிக் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போக்குவரத்து நாட்கணக்கில் தடைப்பட்டது. தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் வேலை இழந்தனர். மலைமேல் வாழும் தமிழரும் அவர்தம் அண்டை வீட்டு மலையாளிகளும் அச்சத்தோடு நாட்களைக் கழித்தனர். படத்திற்காகக் காத்திருப்பவனின் தவிப்பு உண்மையே. ஆனால் கூலிக்காகக் காத்திருப்பவனின் தவிப்பு அதனினும் பெரிது. இவ்வளவு பெரிய உண்மையை மறந்து, ஒரு வெளியீட்டு நாளுக்காக உயிரையே பணயம் வைக்கப் புறப்படும் இளைஞனை என்னென்பது!

விளையாட்டு உலகில்

இனி வீடியோ விளையாட்டைக் காண்போம். ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். எழுத்து, ஓவியம், இசை, நிரல் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஓரிடத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் வேறோரிடத்தில் புதுப் பிழை தலைகாட்டும். ஆகவே, எந்நாளில் முடியும் என்பதைச் செய்பவரே உறுதியாகச் சொல்ல இயல்வதில்லை. ஆனால் விளம்பரத்திற்கு ஒரு நாள் வேண்டும்; பங்குச் சந்தைக்கும் ஒரு நாள் வேண்டும். எனவே முடியாத வேலைக்கு முடிவு நாள் குறிக்கப்படுகிறது. தாமதத்தின் விதை அங்கேதான் விழுகிறது.

போலந்து நாட்டு நிறுவனமாகிய சிடி புராஜெக்ட் ரெட் உருவாக்கிய ‘சைபர்பங்க் 2077’ இதற்குச் சான்று. 2012இல் அறிவிக்கப்பட்ட அவ்விளையாட்டு 2020 ஏப்ரல் 16இல் வரும் என்றனர். பின்னர்ச் செப்டம்பர் 17 என்றனர். அதன் பின்னர் நவம்பர் 19 என்றனர். இறுதியில் டிசம்பர் 10 என்றனர். மூன்றாம் முறை தள்ளியபோது, அதனை உருவாக்கியவர்களுக்குச் சிலர் கொலை மிரட்டல் விடுத்தனர். வாரத்தில் ஆறு நாள் உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளிக்குக் கிடைத்த பரிசு அது!

முடிவு என்னாயிற்று? 80 இலட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தனர். டிசம்பர் 10இல் வந்த விளையாட்டு, பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளில் பிழைகள் மலிந்து தடுமாறிற்று. ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் கடையிலிருந்து அதனை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் அது மீண்டும் கடைக்கு வந்தது. மூன்று முறை தள்ளியும் சோறு வேகவில்லை என்பதே உண்மை. ரசிகர்கள் சினந்தது நாள் தள்ளியதற்காக. சினந்திருக்க வேண்டியதோ வேகாத சோற்றைப் பரிமாறியதற்காக.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டைத் தடை செய்தது. இரண்டே நாளில் பெங்களூர் நிறுவனம் ஒன்று ‘ஃபௌஜி’ என்ற விளையாட்டை அறிவித்தது. அவ்வாண்டிலேயே வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, 2021 ஜனவரி 26ஆம் நாள்தான் அது கிட்டியது. ஆவலோடு இறக்கி விளையாடிய பலர் ஏமாற்றமுற்றனர். மதிப்பெண்கள் விரைந்து சரிந்தன. காத்திருப்பு நீளநீள எதிர்பார்ப்பும் வளர்கிறது என்பதையே இது காட்டுகிறது.

மறுதலையான சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சிலரே சேர்ந்து உருவாக்கிய ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4ஆம் நாள் வந்தது. ஆறரை ஆண்டுக் காத்திருப்பை ரசிகர்கள் பெரும்பாலும் நகைச்சுவையாலேயே கழித்தனர். வெளியான நாளில் கூட்டம் தாங்காமல் இணையக் கடைகள் திணறின. அதே நாட்களில் வரவிருந்த சிறு விளையாட்டுகள் சில, அதன் நிழலில் மறைந்துபோக அஞ்சித் தம் நாளை மாற்றிக்கொண்டன. ஒருவரின் தாமதம் மற்றவரின் நாட்காட்டியையும் புரட்டுகிறது என்க.

கருவிக்குள் ஒரு வாளையாறு

விளையாட்டு ரசிகர்களுக்கும் ஒரு பாலக்காடு உண்டு. அதன் பெயர் நியூசிலாந்து. உலகில் நாள் முன்னதாகப் பிறக்கும் நாடுகளுள் அது ஒன்று. சில விளையாட்டுகள் அந்தந்த நாட்டின் நள்ளிரவில் திறக்கப்படுகின்றன. ஆகவே, தம் கருவியின் நாட்டமைப்பை நியூசிலாந்து என்று மாற்றிவைத்து, தம் ஊரில் நள்ளிரவு ஆகுமுன்னரே ஆடத் தொடங்குவோர் பலர். கோவை ரசிகன் பேருந்தில் கடந்த எல்லையை இவர்கள் விரல் நுனியில் கடக்கின்றனர். இரண்டிலும் பணம் கொடுத்தே படைப்பைப் பெறுகிறார்கள். உழைத்தவனுக்குரிய பங்கு அவனைச் சேர்கிறது. திருட்டுப் பிரதி எடுப்பவனோ, வாசலை மறித்தவன் மீதுள்ள கோபத்தைச் சமைத்தவன் மீது தீர்த்துக்கொள்கிறான். எல்லை கடப்பதற்கும் களவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் தெளிவாகும். முதலாவது, நாள் தள்ளியது என்று கேட்டவுடன், அது அடுப்படித் தாமதமா வாசல் தாமதமா என்று ஆராய வேண்டும். இரண்டாவது, அடுப்படித் தாமதமாயின் பொறுத்தல் தகும். ஆயினும் சோற்றைக் காணுமுன் காசைக் கொடுத்துவிட்டுப் பின்னர்ச் சீறுவதைவிட, வெளிவந்தபின் நலந்தீங்கு அறிந்து வாங்குவதே அறிவுடைமை. மூன்றாவது, வாசல் தாமதமாயின் பொறுமை ஒன்றே போதாது. மறித்தவர் யார், எந்தச் சட்டத்தின்படி மறித்தார் என்று கேட்பது குடிமகனின் உரிமை. அதனை உரிய இடத்தில், உரிய சொல்லால் கேட்க வேண்டும்.

நண்பர்களே! இன்று விளையாட்டிற்காகக் காத்திருக்கும் நம்மில் பலர் நாளை நிரல் எழுதுவோராக, படம் எடுப்போராக, ஆணையில் கையொப்பமிடும் அதிகாரிகளாக ஆகக்கூடும். அப்போது காத்திருப்பவர்கள் வேறு இளைஞர்களாக இருப்பர். அவர்களுக்கு முடியாத நாளைச் சொல்லாமலும், காரணத்தை மறைக்காமலும், வேகாததைப் பரிமாறாமலும் நடந்துகொள்வோமாயின், இன்று நாம் காத்திருந்து கற்ற பாடம் வீண்போகாது.