பழைய கணினியும் புதிய கடனும்

காணி இன்னும் விடுபடாததால், உறவினர் வளவில் கொட்டில் போட்டு வாழும் கமக்காரக் குடும்பம் ஒன்றை அண்மையில் சந்தித்தோம். மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிறாள். மாமா கொடுத்த பழைய கணினி இயங்கத் தொடங்குவதற்குள் அடுப்பில் கேத்தல் கொதித்துவிடுகிறது. “தாலிக்கொடியை அடைவு வைத்தாவது புதுசு ஒன்று எடுத்துக் கொடுக்கவேணும், சுவாமி” என்றார் தகப்பனார். தாய் ஒன்றும் பேசவில்லை.

இறைக்கும் மெசின் தண்ணீர் எடுக்காவிட்டால் உடனே புதிய மெசின் வாங்குவோமா? முதலில் புட்வால்வைப் பார்ப்போம். பிளக்கைக் கழற்றித் துடைப்போம். கணினிக்கும் இதே ஒழுங்கைக் கைக்கொள்வோம்.

1. ஏன் மந்தமாகிறது?

பழைய வன்தட்டு சுழன்று சுழன்றே தகவலைத் தேடுகிறது. நினைவகம் குறைவாயின் வேலை இன்னும் தாமதமாகும். உள்ளே தூசி அடைந்தால் சூடேறி வேகம் குறையும். மேலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 பல பழைய கணினிகளை ஏற்பதில்லை. ஆனாலும் அக்கணினிகள் குப்பையல்ல.

2. செய்யக்கூடியவை

அ. முதலில் பாடக்குறிப்புகளையும் கோவைகளையும் பென்டிரைவில் பிரதிசெய்து வையுங்கள்.

ஆ. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் தூசியை அகற்றுங்கள்.

இ. வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள். இந்த ஒரு மாற்றமே பெரும் வித்தியாசத்தைத் தரும்.

ஈ. நினைவகத்தைக் கூட்டலாம். ஆனால் டி.டி.ஆர்.3 உள்ள இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசென்று காட்டி வாங்குங்கள்.

உ. லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளம் இலவசம். 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதி. கணினியில் பதியாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். உயர்தரப் பாடத்துக்கு வேண்டிய பைதன் அதிலுண்டு. லிப்ரே ஒபிஸ் மூலம் வேர்ட் கோவைகளையும் திறக்கலாம். தமிழை யுனிகோட்டில் தட்டெழுதப் பழகுங்கள். பாமினியில் எழுதியது அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்க முடியாமற் போகும்.

3. வாங்கியே ஆகவேண்டுமாயின்

தவணைக்கு வாங்குமுன் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, மாதம் 10,000 ரூபா வீதம் 24 மாதம் கட்டினால் மொத்தம் 240,000 ரூபா. ரொக்க விலை 160,000 ரூபாவாயின், 80,000 ரூபா மேலதிகமாகக் கொடுக்கிறோம். விளைச்சல் பிழைத்தாலும் தவணை பிழைக்க விடமாட்டார்கள்.

பத்துக் குடும்பங்கள் மாதம் 4,000 ரூபா வீதம் குலுக்கல் சீட்டுப் பிடித்தால், மாதாமாதம் ஒரு குடும்பத்துக்கு 40,000 ரூபா வட்டியின்றிக் கிடைக்கும். பாவித்த கணினி வாங்கும்போது, கடையிலேயே ஒரு மணித்தியாலம் இயக்கிப் பார்த்து, எழுத்தில் உத்தரவாதம் பெறுங்கள்.

மேற்கூறிய குடும்பம் எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் மட்டுமே வாங்கியது. அந்தப் போக வெங்காயக் காசு அதற்குப் போதுமாயிருந்தது. தாலிக்கொடி தாயின் கழுத்திலேயே இருக்கிறது. மகள் இப்போது அயற்பிள்ளைகள் இருவருக்கும் சொல்லிக் கொடுக்கிறாள்.

குழுவாகச் சிந்திப்போம்

• நமது கிராமத்தில் பாவிக்காமற் கிடக்கும் கணினிகள் எத்தனை?

• அவற்றைத் திருத்தத் தெரிந்த இளைஞர் யார்?

• பிள்ளைகள் மாறி மாறிப் படிக்க ஒரு பொது இடத்தை ஒழுங்குசெய்ய முடியுமா?