சாமி கண்ணைக் குத்துமா?

'பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்!' நம் வீடுகளில் குழந்தை கேட்கும் முதல் ஆன்மிகப் பாடம் பெரும்பாலும் இதுதான். பாட்டி சொன்னார், அம்மா சொன்னார், இப்போது நாமும் சொல்கிறோம். குழந்தை அப்போதைக்குப் பயந்து அடங்கிவிடுகிறது. ஆனால், அந்தப் பயம் குழந்தையோடு சேர்ந்தே வளர்கிறது. கல்யாணமாகி, தனிக்குடித்தனம் வந்த பிறகும் நம்மோடு பூஜையறை வரை வந்து நிற்கிறது.

பூஜை நடுவில் விளக்கு அணைந்துவிட்டால் நெஞ்சு பதறுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், 'போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லையே, அதனால்தானோ?' என்று மனம் குழம்புகிறது. கணவருக்கு வேலையில் சிக்கல் என்றால், குலதெய்வத்துக்குச் செலுத்தாமல் விட்ட வேண்டுதல் நினைவுக்கு வருகிறது. வீட்டில் எது நடந்தாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு தவிப்பவர் இல்லத்தரசிதான்! இறைவன் முன்னால் இப்படி நடுங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டுமா? நம் அடியார்களின் வாழ்க்கை என்ன சொல்கிறது, பார்ப்போம்.

தடுத்த திருக்கை

12ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் வரும் கண்ணப்ப நாயனாரை நாம் எல்லோரும் அறிவோம். திண்ணன் என்ற பெயருடைய வேடர் அவர். காளஹஸ்தி மலையில் சிவலிங்கத்தைக் கண்டதும் அன்பு பெருக்கெடுத்தது. பூஜை முறை எதுவும் தெரியாது. லிங்கத்தின் மேல் இருந்த பழைய பூக்களைச் செருப்புக் காலால் தள்ளினார். வாயில் நிரப்பி வந்த நீரால் அபிஷேகம் செய்தார். மாமிசத்தைப் படைத்தார். அங்கே முறைப்படி பூஜித்து வந்த சிவகோசரியார் இதைக் கண்டு துடித்துப் போனார்.

இறைவன் கோபித்தாரா? இல்லை. சிவகோசரியாரின் கனவில் தோன்றி, அந்த வேடனின் செயல் ஒவ்வொன்றும் தமக்கு இனியது என்று சொன்னார். அந்த அன்பை அவருக்குக் காட்டுவதற்காகவே லிங்கத்தின் கண்ணில் குருதி வழியச் செய்தார். திண்ணனார் தம் கண்ணைத் தோண்டி அப்பினார். மறு கண்ணிலும் குருதி வழிந்தது. தம் இன்னொரு கண்ணையும் எடுக்க அம்பை ஓங்கினார். அப்போது லிங்கத்திலிருந்து இறைவனின் திருக்கை வெளிப்பட்டு, அவர் கையைப் பிடித்துத் தடுத்தது! சாமி கண்ணைக் குத்தும் என்கிறோமே... குத்தப் போன கையையே பிடித்து நிறுத்தியவர் அல்லவா நம் சாமி!

கோலும் கிண்ணமும்

அடுத்து, சீர்காழிக்கு வாருங்கள். மூன்று வயதுக் குழந்தையைக் குளக்கரையில் உட்கார வைத்துவிட்டு, தந்தை சிவபாத இருதயர் நீரில் மூழ்கி நீராடினார். அப்பாவைக் காணாத குழந்தை, கோயில் பக்கம் பார்த்து அழுதது. உடனே அம்மையும் அப்பனும் இடப வாகனத்தில் எழுந்தருளினார்கள். ஈசன் சொல்ல, உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினாள்.

கரையேறிய தந்தை, பிள்ளையின் வாயில் பால் வழிவதைக் கண்டார். 'யார் கொடுத்த பாலைக் குடித்தாய்?' என்று கையில் கோலை எடுத்து ஓங்கினார். குழந்தை பயந்து ஓடவில்லை. பால் தந்தவரை விரலால் சுட்டிக்காட்டிப் பாடியது. அந்தக் குழந்தைதான் திருஞானசம்பந்தர். அன்று பாடிய பதிகமே முதல் திருமுறையில் முதலாவதாக இருக்கிறது. சீர்காழியில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் திருமுலைப்பால் விழா நடப்பது இதை நினைவுகூரத்தான். பெற்ற தந்தை கோலை ஓங்கிய அதே கரையில், உலகத்துக்கே தந்தையானவர் பால் கொடுக்க வைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

நம் பூஜை, பிள்ளையின் பூஜை

சைவ சித்தாந்தம் இறைவனை அடைய நான்கு நெறிகளைச் சொல்கிறது. சரியை தொண்டரின் வழி. யோகம் தோழரின் வழி. ஞானம் சன்மார்க்கம். இவற்றில் இரண்டாவதான கிரியை என்பது பூ, நீர், தீபம், நைவேத்தியம் கொண்டு பூஜிப்பது. இதற்குச் சத்புத்திர மார்க்கம் என்று பெயர். அதாவது, நல்ல பிள்ளை தந்தையிடம் நடந்துகொள்ளும் நெறி. இதற்கு உதாரணமாகப் பெரியவர்கள் காட்டுவது சம்பந்தரைத்தான். ஆக, தினமும் காலையில் விளக்கேற்றி இரண்டு பூ சாத்துகிறீர்களே, அப்போதெல்லாம் நீங்கள் நிற்பது மகளின் இடத்தில்!

'அப்படியானால் பயமே வேண்டாமா? பயபக்தி என்கிறார்களே?' என்று கேட்கலாம். அன்பான அப்பாவிடமும் நமக்கு ஒரு பயம் உண்டு. 'அடிப்பாரோ' என்ற பயம் வேறு, 'அவர் மனம் நோகுமே' என்ற பயம் வேறு. முதலாவது அவரிடமிருந்து நம்மை விலக்கும். இரண்டாவது, பொய்யும் பிறரைப் புண்படுத்தும் சொல்லும் நம்மிடம் வராமல் காக்கும். பக்தியோடு சேர வேண்டியது இந்த இரண்டாவது பயம்தான்.

இனி விளக்கு அணைந்தால், பதறாமல் எண்ணெயும் திரியும் பார்த்து மறுபடி ஏற்றுங்கள். வேண்டுதல் தள்ளிப்போனால், 'இப்போது முடியவில்லை அப்பா, கட்டாயம் செய்கிறேன்' என்று மனம்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். நெற்றியில் விபூதி பூசி, 'நீதான் துணை' என்று வேண்டிக்கொள்ளுங்கள். தன்னைப் பார்க்க வரவில்லை என்பதற்காகப் பேரக் குழந்தைக்கு நோய் தரும் தகப்பன் எங்காவது உண்டா?

உங்கள் குழந்தை பொய் சொன்னால், 'சாமி கண்ணைக் குத்தும்' என்று சொல்லாதீர்கள். பூஜையறைக்கு அழைத்துப் போய், 'சாமி நமக்கு அப்பா மாதிரி. அவர்கிட்ட உண்மையைச் சொல்லு' என்று சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அது ஏதோ முணுமுணுக்கும். அந்த வழக்கம் வந்துவிட்டால், நாளை பெரிய தவறே செய்தாலும் உங்கள் பிள்ளை கோயிலைவிட்டு விலகி ஓடாது. கோயிலைத் தேடி வரும்.