இடமும் வலமும்

தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று வாழ்வோர் பலர். விடுமுறையில் ஊர் திரும்புங்கால், குற்றாலச் சாரலை நாடிக் குடும்பத்தோடு கார் ஓட்டிச் செல்வதும் அவர்தம் இயல்பு. ஆயின், இவ்விரு நிலத்துச் சாலைகளும் எதிரெதிர் விதியுடையன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்தியா, இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளில் வாகனங்கள் இடப்பக்கம் செல்கின்றன. சவூதி அரேபியா, அமீரகம், குவைத் ஆகியவற்றில் வலப்பக்கம். இவ்விதியை அறிதல் எளிது. கையின் பழக்கத்தை மாற்றுதலே அரிது. நெரிசலில் முன்செல்லும் வண்டியே நமக்கு வழிகாட்டும். ஆளரவமற்ற சாலையிலும், திரும்பும் முனையிலும், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளிப்படும்போதும் பழைய பழக்கம் தலைதூக்கும். ஆங்கே ஒருகணம் நின்று தெளிதல் நலம். சாலையைக் கடப்போர் இங்கு முதலில் வலப்பக்கமும், அங்கு முதலில் இடப்பக்கமும் நோக்க வேண்டும்.

சுற்றுலாச் செல்வோர், 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழிவந்த பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். அது ஓராண்டுக்கே செல்லும்; மூல உரிமமும் உடனிருத்தல் வேண்டும். செல்லும் நாடு அதனை ஏற்குமா என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் கடமை.

ஊர் திரும்புவோர்க்கும் இவ்விழிப்பு வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் விட்டிறங்கி, உறக்கமின்றி ஆரியங்காவு மலைவழியில் தாமே காரோட்டி வருதல் தகாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாது, கீழ்க் கியரில் மெல்ல இறங்குதல் வேண்டும். பல்லாண்டு உழைத்து மீள்வோரை வாயிலில் காத்து நிற்போர், விரைவை அன்று, நலமான வரவையே வேண்டுகின்றனர்.