திம்பம் ஏறப்போற தம்பிக்கு

தம்பி, நாளைக்கு சிமெண்ட் லோடோட முதல் தடவையா திம்பம் ஏறப்போறேன்னு சொன்னே. பன்னாரி தாண்டினா 27 கொண்டை ஊசி வளைவு. லாரிப் பட்டறையில பதினஞ்சு வருஷம் கணக்கெழுதினவ நான். அந்த மலையில கொதிச்சு நின்னு, கட்டி இழுத்துட்டு வந்த வண்டிகளோட ஹெட் கேஸ்கெட் பில்லெல்லாம் என் கையால எழுதினது. பல வண்டிக்கு அந்தச் செலவே வந்திருக்க வேண்டாம்.

விடியறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாரு. குறைஞ்சிருந்தா கூலன்ட்தான் ஊத்தணும். நம்ம ஊரு போர் தண்ணியை ஊத்தினா உப்பு படிஞ்சு உள்வழி அடைச்சுக்கும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அப்பவே மாத்திடு. அந்த மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் 100 டிகிரி தாண்டியும் உள்ள கொதிக்காம இருக்கு. ரேடியேட்டர் தகட்டுல தூசியும் பூச்சியும் அப்பியிருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமா காத்து அடிக்கச் சொல்லு. ஃபேன் பெல்ட்டு, ஹோஸ், கிளாம்ப் எல்லாத்தையும் கையால தொட்டுப் பாரு.

தெர்மாஸ்டாட் வால்வைக் கழட்டிட்டா வண்டி சூடே ஆகாதுன்னு யாராவது சொன்னா கேட்காதே. பல இன்ஜின்ல அந்த வால்வுதான் குறுக்கு வழியை அடைச்சு, தண்ணியை ரேடியேட்டருக்குத் திருப்புது. அது இல்லாட்டி சூடான தண்ணியில ஒரு பங்கு ஆறாமலேயே இன்ஜினுக்குத் திரும்பிடும்.

மலையில உன் கியர்தான் எல்லாம். டீசல் மிச்சமாகும்னு மேல் கியர்லயே வச்சு மிதிக்காதே. வண்டி ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காத்து கிடையாது. ஆத்துறது ஃபேன், தண்ணியைச் சுத்த விடுறது வாட்டர் பம்பு. இன்ஜின் எவ்வளவு வேகமாச் சுத்துதோ அதுக்குத் தக்கதான் ரெண்டும் ஓடும். இன்ஜின் முக்கித் திணறினா சூடு கூடும், பம்பும் ஃபேனும் தளர்ந்துடும். அதனால வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறை. ஆர்பிஎம் முள் பச்சைப் பட்டைக்குள்ள நிக்கட்டும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்து. பின்னாடி ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

ராத்திரி லாரிக்குத் தடை. காலையில 6 மணிக்குச் செக்போஸ்ட் திறந்ததும் முதல் வரிசையில ஏறிடு. வெயில் ஏறுறதுக்குள்ள பாதி மலை முடிஞ்சிடும். கேபின்ல ஏசி இருந்தா ஏத்தத்துல போடாதே.

டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுற வரைக்கும் காத்திருக்காதே. அந்தப் பக்கம் நகர ஆரம்பிச்சதுமே, வளைவு இல்லாத அகலமான இடமாப் பாத்து ஒதுங்கி, சக்கரத்துக்குக் கட்டை வை. உடனே ஆஃப் பண்ணாம நியூட்ரல்ல கொஞ்சம் ஆர்பிஎம் கூட்டி ஓடவிடு, முள் இறங்கும். ஆனா கூலன்ட் ஒழுகினாலோ, முள் சிவப்புலயே நின்னாலோ அந்த நிமிஷமே ஆஃப்.

மூடியை மட்டும் சூட்டோட திறக்காதே, கண்ணு. நம்ம மாமாவுக்கு முழங்கை வரைக்கும் தோல் உரிஞ்சதை நீயும் பாத்தே. கை வச்சா சுடாத அளவுக்கு ஆறட்டும். கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத்தண்ணி ஊத்தினா ஹெட்டு விரிசல் விட்டுடும்.

கூலன்ட் கலந்த தண்ணி ரெண்டு கேன் கீழேயே ஏத்திக்கோ. அது யானை நடமாடுற காடு, தண்ணி தேடி உள்ள இறங்கிடாதே. ஆசனூர் போனதும் கூப்பிடு. முள் எங்க நின்னுச்சுன்னு முதல்ல சொல்லு.