கேட்ச்சருக்குக் கைவேகம் மட்டும் போதுமா?

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கும் இடத்தில் பேஸ்பாலில் நிற்பவர் கேட்ச்சர். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான தேர்வு முகாம்களில் கேட்ச்சர்களின் முறை வந்ததும் திறமை தேடும் ஸ்கவுட்டுகள் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுப்பார்கள். பந்து கேட்ச்சரின் கையுறையில் விழுந்ததும் அழுத்துவார்கள். அவன் எறிந்த பந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறைக்குப் போய்ச் சேர்ந்ததும் நிறுத்துவார்கள். இந்த நேரத்துக்கு ‘பாப் டைம்’ என்று பெயர். அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீகில் சராசரி ஏறக்குறைய 2.0 வினாடி. பள்ளிப் பையன் ஒருவன் அதை நெருங்கிவிட்டால் எல்லோரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். நெருங்காதவன் பெயரை அடித்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

நம்பிக்கை: கை பலமாக இருந்தால் கேட்ச்சர் தயார்.

கேட்ச்சருக்கு முன்னால் இருக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடிக்குச் சற்று மேல், அதாவது 38.8 மீட்டர். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் எறிபவன் 135-க்கு உயர்ந்தால் என்ன மிச்சமாகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வினாடியில் 25-இல் ஒரு பங்குதான். பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து, விரல்களைத் தையலில் பதித்து, கால் மாற்றி எறியத் தயாராவதில் கொஞ்சம் சுறுசுறுப்பு கூடினால் பத்தில் ஒரு வினாடியே மிச்சமாகும். பிட்ச்சர் பந்தெறியும்போதே முதல் பேஸிலிருந்து இரண்டாம் பேஸைத் ‘திருட’ முழு வேகத்தில் ஓடிவரும் ரன்னர் அதற்குள் இரண்டரை அடி கடந்துவிடுவார். அவுட்டா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த இரண்டரை அடிக்குள் முடிகிற விஷயம். வயது ஏற ஏறக் கைக்குப் பலம் வரும். கால்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் இப்போதே பார்க்க வேண்டும்.

முகாமில் எடுக்கும் நேரத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. எதிரே பேட்டர் இல்லை; பந்து எங்கே வரும் என்பது முன்பே தெரியும்; பையன் முன்னால் நகர்ந்துகொண்டே பந்தை வாங்குகிறான். ஆட்டத்தில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பிட்ச்சரின் பங்கையும் மறந்துவிடுகிறோம். அவர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்ச்சரை அடைய 1.3 வினாடி ஆனால் ரன்னரைப் பிடிக்க வழியுண்டு, 1.6 ஆனால் மேஜர் லீகின் சிறந்த கேட்ச்சருக்கே கஷ்டம். திருடப்பட்ட பேஸ்களை எல்லாம் கேட்ச்சரின் கணக்கில் மட்டும் எழுதுவது அநியாயம்.

நம்பிக்கை: பந்தை வாங்கும் அழகு வெறும் அலங்காரம்.

ஸ்ட்ரைக் எல்லையின் விளிம்பில் வரும் பந்தைக் கையுறை அலைபாயாமல் வாங்கினால் அம்பயர் அதை ஸ்ட்ரைக், அதாவது பேட்டருக்கு எதிரான பந்து, என்று சொல்லும் வாய்ப்பு கூடுகிறது. ஆங்கிலத்தில் இதை ஃப்ரேமிங் என்பார்கள். பழைய பயிற்சியாளர்களுக்கு இது எப்போதும் தெரியும். அதன் மதிப்பைத்தான் யாராலும் அளக்க முடியவில்லை. 2011-இல் மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் கேமராத் தரவுகளை வைத்து அளந்து காட்டினார். பட்டியலின் உச்சியில் இருந்தவர் ஹோசே மொலினா. பேட்டிங்கில் சுமார், ஓட்டத்தில் மெதுவு. அந்த ஆண்டே டாம்பா பே ரேஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. ஃபாஸ்ட்டை ஹியூஸ்டன் அணி வேலைக்கு எடுத்துக்கொண்டது.

2026 முதல் மேஜர் லீகில் அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து, பந்தைத் தீர்மானிக்கும் தானியங்கி அமைப்பிடம் முறையிடலாம் என்பதால், ஃப்ரேமிங்கின் காலம் முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்பவில்லை. ஓர் அணிக்கு ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடைப்பது இரண்டே முறையீடுகள். தோற்றால்தான் ஒன்று கழியும். முறையிடும் உரிமை பேட்டர், பிட்ச்சர், கேட்ச்சர் மூவருக்கு மட்டுமே. மற்ற பந்துகள் எல்லாம் இன்னும் அம்பயரின் கண்ணில்தான். ஸ்ட்ரைக் எல்லையைத் துல்லியமாக அறிந்து, எப்போது முறையிடலாம், எப்போது பேசாமல் இருக்கலாம் என்று தெரிந்த கேட்ச்சரின் விலை இதனால் ஏறத்தான் செய்யும்.

நம்பிக்கை: குட்டையாகக் கட்டுமஸ்தாக இருப்பவனே கேட்ச்சர்.

பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள கேட்ச்சர் இவான் ரொட்ரிகெஸ் 5 அடி 9 அங்குலம். அங்கேயே உள்ள ஜோ மாவர் 6 அடி 5 அங்குலம். இதில் மேலே பேச ஒன்றுமில்லை.

நம்பிக்கை: சிறுவயதிலிருந்தே கேட்ச்சராக இருந்தால்தான் தேறுவான்.

மேஜர் லீகில் பேர்பெற்ற சில கேட்ச்சர்களைப் பாருங்கள். பஸ்டர் போஸி ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர். ஹோர்ஹே போசாடா இரண்டாம் பேஸ் ஆடியவர். ரஸ்ஸல் மார்ட்டின் மூன்றாம் பேஸ். மைக் பியாஸாவை டாட்ஜர்ஸ் அணி புதிய ஆட்டக்காரர்களுக்கான 1988 தேர்வில் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாக எடுத்தது. முதல் பேஸிலிருந்து கேட்ச்சராக மாற்றப்பட்ட அவர் 2016-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். அவருடைய எறி கடைசிவரை சுமார்தான் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: கேட்ச்சராகத் தேர்வான ஜோஷ் டொனால்ட்சன் மூன்றாம் பேஸுக்கு மாறி 2015-இல் அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தரையில் பட்ட பந்து முகத்துக்கு நேராக எழும்போது தலையைத் திருப்புகிறானா, நாடியை மார்போடு ஒட்டி உடம்பால் தடுக்கிறானா? தன் தவற்றால் ரன் போன அடுத்த பந்துக்கு எப்படிக் குந்துகிறான்? தடுமாறும் பிட்ச்சரிடம் அவனாகவே நடந்து போகிறானா? தொடை வலிக்கும் ஆறாவது இன்னிங்ஸில் முதல் இன்னிங்ஸின் கவனம் இருக்கிறதா? இவற்றை எந்த முகாமிலும் பார்க்க முடியாது. ஆட்டத்தில்தான் தெரியும், அதுவும் பல ஆட்டங்களில்.

உங்கள் பிள்ளையோ உறவுக்காரப் பிள்ளையோ அமெரிக்காவில் கேட்ச்சராக ஆடினால், ஒரு பிற்பகலில் எடுத்த எண்ணைக் காட்டி யாராவது அவன் தகுதியை முடிவு செய்ய விடாதீர்கள். முழு ஆட்டங்களை வந்து பார்த்துவிட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.