என், உன், நம் – ஸ்பானிஷில் எப்படி?



"தமிழ் மீடியத்துல படிச்சவனுக்கு இங்கிலீஷே தகராறு, இதுல ஸ்பானிஷ் வேறயா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான். ஆனாலும் சொல்கிறேன், ஸ்பானிஷின் உடைமைச் சொற்களைப் பிடித்து ஏற இங்கிலீஷைவிடத் தமிழே நல்ல ஏணி. எப்படி? பார்ப்போமா?

1. ஒன்றா, பலவா?
'என்' என்பதற்கு ஸ்பானிஷில் 'மி'. 'உன்' என்பதற்கு 'து'. 'மி லிப்ரோ' என்றால் என் புத்தகம். புத்தகம் பலவானால் 'மிஸ் லிப்ரோஸ்'. இங்கிலீஷ் 'மை' இப்படி மாறாது. ஆனால் இலக்கணத் தமிழில் மாறும்! 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஆறாம் வேற்றுமையில் உடைமை ஒன்றானால் 'அது', பலவானால் 'அ' என உருபு சொல்கிறது. எனது கை; என கைகள். இரண்டாவதை நாம் விட்டுவிட்டோம். அவர்கள் விடவில்லை, அவ்வளவுதான்.

2. ஆண்பாலா, பெண்பாலா?
நமக்குப் புத்தகமும் மேசையும் அஃறிணை. அவர்களுக்கோ புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால்! ஆகவே 'நூயெஸ்த்ரோ லிப்ரோ' (எங்கள் புத்தகம்), 'நூயெஸ்த்ரா மேசா' (எங்கள் மேசை). பொருளைப் பார்த்துத்தான் சொல் மாறும். உடையவர் ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை.
'மேசா' எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் 'மேசை' போர்ச்சுகீசியர் தந்த சொல். 16-ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமில் குடியேறியவர்கள் அவர்கள். போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மொழிகள்.

3. எங்க அம்மா
ஒரே பிள்ளையானாலும் நாம் 'எங்க அம்மா' என்றுதான் சொல்வோம். அதையே 'நூயெஸ்த்ரா மாத்ரே' என்றால், கூடப்பிறந்தவர்களையும் சேர்த்துச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். 'மி மாத்ரே' என்பதே சரி. 'எங்கள்', 'நம்' என்ற வேற்றுமையும் அங்கே கிடையாது. கேட்பவரைச் சேர்த்தோமா, விட்டோமா என்று ஒரே சொல்லில் காட்டுவது தமிழுக்கு உள்ள வசதி!

4. யாருடைய வீடு?
'சு காஸா' – அவன் வீடா, அவள் வீடா, அவர்கள் வீடா, மரியாதையாக 'உங்கள்' வீடா? நான்கும்தான்! குழப்பம் வந்தால் 'லா காஸா தே எய்யா' (அவளுடைய வீடு) என்று விரித்துச் சொல்வார்கள்.

5. கை கழுவும்போது
'என் கையைக் கழுவுகிறேன்' என்று நாம் சொல்கிறோமா? 'கை கழுவுறேன்', அவ்வளவுதான். ஸ்பானிஷிலும் 'மே லாவோ லாஸ் மானோஸ்'. இதில் 'மிஸ்' வராது. இங்கிலீஷுக்குத்தான் 'மை' இல்லாமல் கை கழுவ முடியாது!

பயிற்சி: 'எங்கள் வீடுகள்' எப்படி வரும்? வீடு பெண்பால், அதுவும் பல. ஆகவே 'நூயெஸ்த்ராஸ் காஸாஸ்'. சரியாகச் சொன்னீர்களா?

புது மொழி என்றதும் வெறுங்கையோடு நிற்கிறோம் என்று நினைக்க வேண்டாம், நண்பர்களே. வீட்டில் பேசிப் பழகிய இலக்கணம் கையில் இருக்கிறது. துணிந்து தொடங்குங்கள்!